வினை அட்டவணையில் அழுத்தத்தைக் குறித்துக் கொடுங்கள்

வெளிநாட்டாருக்குப் போர்த்துகீசியப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களே,

வணக்கம். லிஸ்பனில் மூன்று வருடமாக உங்கள் புத்தகங்களை வைத்துத்தான் படிக்கிறேன். போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அவர் பையனின் பள்ளியிலிருந்து போன் வந்தது, அவர் இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். அவர் வந்ததும் "பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள்" என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைத்தேன். 'லிகாரவுன்' என்று 'கா'வை அழுத்தினால் கூப்பிட்டார்கள், 'லிகரவுன்' என்று கடைசி அசையை அழுத்தினால் கூப்பிடுவார்கள். நான் கடைசியை அழுத்திவிட்டேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார், அங்கே பையன் காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறான்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் வீட்டுக்குப் போய் உங்கள் அட்டவணையைத் திறந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எந்த அசையை அழுத்த வேண்டும் என்று ஒரு கோடுகூட இல்லை. கடைசி ஓசை இரண்டிலும் ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. அந்த எழுத்தைப் பார்த்தே அழுத்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது முதல் பாடத்தில் அரைப் பக்கம், அதற்கப்புறம் பேச்சே இல்லை. தமிழில் குறில் நெடிலானால் பொருள் மாறும், அழுத்தம் இடம் மாறினால் மாறாது. ஜன்னலைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லான 'ஜனெலா'வில் அழுத்தம் விழும் 'னெ'யையே தேய்த்து ஜன்னல் ஆக்கிக்கொண்ட காது எங்களுடையது. அசையைத் தடித்த எழுத்தில் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீளமான வடிவங்களில் நிலைமை இன்னும் மோசம். 'முடிந்தால் அவனைச் சந்திப்போம்' என்பதில் வரும் 'அவனைச் சந்திப்போம்' என்பதற்கு என்-கொன்-ட்ரா-லு-ஈ-அ-முஷ், ஏழு அசை. 'ட்ரா'வின் உயிரெழுத்து மேலும் அழுத்தக் குறி, 'ஈ'யின் மேலும் அழுத்தக் குறி, முக்கிய அழுத்தம் 'ஈ'யில் என்று யார் சொல்வது? என் புத்தகத்தில் அந்தச் சொல் வரிக் கடைசியில், எழுத்திலேயே இருக்கிற இணைக்கோட்டில் (ஹைஃபன்) உடைகிறது. அப்படி உடைந்தால் அடுத்த வரியின் தொடக்கத்திலும் கோட்டைப் போட வேண்டும் என்று போர்த்துகீசியம் பேசும் நாடுகளின் 1990 எழுத்துமுறை ஒப்பந்தமே சொல்கிறது, நீங்கள் போடவில்லை. 'இஷ்டுடாஸெமுஷ்' என்ற சொல்லில் இரண்டு 'எஸ்' வரும், வரிக்கு ஒன்றாகப் பிரியணும், இரண்டையும் சேர்த்தே அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறீர்கள். பாடநூலே இப்படிப் பிரித்தால் நாங்கள் எதைப் பார்த்து அசை எண்ணுவது? விலை மட்டும் பதிப்புக்குப் பதிப்பு ஏறுகிறது.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் வினை அட்டவணைகளில் மட்டுமாவது அசை பிரித்து, அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.