அரைப்பேரும் ஆகுபெயரும்: என் தங்கை மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு போனில் நீ அழாத குறையாகச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பெரியம்மா, அணி எல்லாம் பாடமாக்கிட்டேன். வரைவிலக்கணம் கேட்டா எழுதிருவேன். ஒரு கவிதையைத் தந்து இதில என்ன நயம்னு கேட்டாத்தான் ஒண்ணும் ஓட மாட்டேங்குது." சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பயப்படாதே. போனில் சொல்லி முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பெயர்கள் முதலில் வந்துவிட்டன, பொருள் பின்னால் வரவில்லை. அதனால் பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேசுகிற பேச்சிலிருந்து தொடங்குவோம்.

உன் வயதில் என்னிடமும் ஆகுபெயருக்கு உதாரணம் எழுதச் சொன்னார்கள். அன்று காலை வீட்டில் கேட்டதையே எழுதினேன்: "அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்தான்." ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "புத்தகத்தில் உள்ளதை எழுது" என்றார். அந்தக் கொப்பியை நெடுநாள் அம்மாவிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன். இத்தனை வருடம் தமிழ் படிப்பித்த பிறகு சொல்கிறேன், நான் எழுதியது சரி.

யோசித்துப் பார். குறித்த கிலோ தேயிலைக் கொழுந்து வராவிட்டால் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பேரை எழுதுகிற பதிவில், அரை நாள்தான் விழும். அதை நாம் அரை நாள் சம்பளம் என்று சொல்வதில்லை, அரைப்பேர் என்கிறோம். பதிவில் எழுதுகிற பேர், அந்த நாளின் உழைப்புக்கும் கூலிக்கும் பேராகிவிட்டது. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவதுதானே ஆகுபெயர்? நயம் என்று கேட்கிறார்களே, அது இதற்கு அடுத்த படி. ஒரு மனுசியின் பேரையே பாதியாக நறுக்குவது போல அந்தச் சொல் கேட்கிறது. "அரை நாள் சம்பளம்" என்று மாற்றினால் கணக்கு சரியாக இருக்கும், வலி போய்விடும். இந்த வித்தியாசத்தை எழுதினாயானால் நீ நயம் எழுதிவிட்டாய்.

நன்னூல் ஆகுபெயரைப் பல வகையாகப் பிரிக்கிறது. அதில் எடுத்தலளவை ஆகுபெயர் உனக்கு எப்போதும் மறந்துபோகிறது அல்லவா? உன் அம்மா வந்து "இன்னைக்கு 18 கிலோ எடுத்தேன்" என்கிறாளே, அதுதான். கிலோ என்பது நிறுக்கும் அளவு. அவள் எடுத்தது கொழுந்து. "தோட்டமே வேலைக்குப் போகல" என்றால் தோட்டத்து ஆட்கள் போகவில்லை என்று அர்த்தம், அது இடவாகுபெயர். இனி மறக்காது.

சரி, உவமைக்கும் உருவகத்துக்கும் வருவோம். "போல" இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று டியூஷனில் தருகிற டியூட் தாளில் போட்டிருக்கும். அது பாதிதான் உண்மை. "மலர்முகம்" என்பதிலும் "போல" இல்லை, ஆனால் அது உவமைத்தொகை. "முகமலர்" என்றால்தான் உருவகம். கடைசியில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார். மலர்முகத்தில் முகம் முகமாகவே இருக்கிறது. முகமலரில் முகம் மலராகவே ஆகிவிட்டது.

இன்னொன்றையும் கவனி. எந்தப் பொருளை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது, ஒப்பிடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். தேயிலை மலையைப் பச்சைக் கம்பளம் என்று எழுதாதவர் கிடையாது. கம்பளம் மேலே நடந்து போவதற்கு. இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடி வரிசையில் நிரை பிடித்து நிற்கிறவளுக்கு அது கம்பளமாகத் தெரியுமா? கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் குட்டையாக நறுக்கிவிட்ட மலையைப் பார்த்து உன் அம்மாயி, "தாலியறுத்த மலை மாதிரி கிடக்கு" என்பார். அழகில் எது பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சையில் பச்சைக் கம்பளம் வந்தால் உருவகம் என்று எழுது, மார்க் கிடைக்கும். உன் சொந்தக் கட்டுரையில் மட்டும் அதை எழுதாதே.

தாத்தா தவறிய அன்று நீ கைக்குழந்தை. மழை, சாமம், ஊதுபத்தி வாசம். அம்மாயி பெட்டியோரம் உட்கார்ந்து பாடிய ஒரு வரி இன்னும் என்னிடம் இருக்கிறது.

"பட்ட மரம் நான் நிற்க
பழுத்த மரம் சாஞ்சதென்ன"

எழுதப் படிக்கத் தெரியாத மனுசி. "பட்ட", "பழுத்த" என்று அடியின் முதலெழுத்து ஒன்றிவந்தால் மோனை. நிற்பதையும் சாய்வதையும் எதிரெதிரே வைத்தால் முரண். "போல" என்ற சொல்லே இல்லாமல் அவரும் தாத்தாவும் மரங்களாகவே ஆகிவிட்டார்கள், உருவகம். கொஞ்ச நேரத்துக்கு அழுகையை நிறுத்திவிட்டு அந்த வரியையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பாரி என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பு இருக்கிறது, பார்த்தாயா? ஒப்புச் சொல்லி அழுவது. உவமை நம் வீட்டுக்குப் புத்தகம் வழியாக வரவில்லை.

அப்புறம், தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தன் மனதிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. காற்றுக்குத்தான் அசைகின்றன. இளங்கோவோ, "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார், வராதே என்று கை காட்டுகின்றனவாம். கோவலன் அந்த ஊரில் வெட்டுப்படப் போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை மூச்சை இழுத்துக்கொள்ளும். அணியின் பெயரை எழுதுவதோடு நிற்காமல், கொடி அசைவதை வைத்து அவர் நம்மை எப்படிப் பயப்பட வைத்தார் என்று இரண்டு வரி எழுது.

பிறிதுமொழிதலுக்கு "பீலிபெய் சாகாடும்" என்று தொடங்கும் 475ஆம் குறள் போதும். மயிலிறகையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, சொல்ல வந்ததை நம்மிடமே விட்டுவிடுகிறார். சிலேடை லேசு, ஒரே சொல் இரண்டு பொருள் தருவது. "லயம்" என்ற சொல்லை எடுத்துக்கொள். பாட்டிலும் இருக்கிறது, நாம் குடியிருப்பதும் அதில்தான்.

படிமமும் குறியீடும் நேரில் பேசினால்தான் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து ஹட்டனுக்கு வா. கடந்தகால வினாத்தாள்களையும் கொண்டு வா. அதற்கு முன் ஒரு வேலை செய். நாளை பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் உன் அம்மாவோடு போய் நில். தராசடியில் அவர்கள் பேசுவதைக் கேள். எத்தனை ஆகுபெயர் வருகிறது என்று கொப்பியில் எழுதி வா, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா