வடுவூர் தாண்டி வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்கு நாங்கள் ஐந்து பேர் சைக்கிளில் போனோம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழி, நூறு கிலோமீட்டருக்கு மேல். முடிந்த இடமெல்லாம் பெரிய சாலையை விட்டு ஊர்ச்சாலைதான்.

வடுவூர் ஏரியைத் தாண்டியதும் என் பின் டயரின் பக்கவாட்டைக் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. பஞ்சர் என்றால் நாங்களே ஒட்டிக்கொள்வோம். டயர் கிழிந்தால் புது ட்யூப் போட்டும் பயனில்லை, கிழிசல் வழியே பிதுங்கி வெடித்துவிடும்.

அப்போதுதான் புல்லுக்கட்டோடு வந்த நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள், அண்ணே. "இருங்க தம்பி, வீட்ல பழைய டயர் கெடக்கு" என்று போய், கையகலத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து வந்தீர்கள். அதன் ஓரங்களை அரிவாளால் மெலிசாகச் சீவினீர்கள் பாருங்கள், அதுதான் கைப்பக்குவம்! சீவாமல் வைத்திருந்தால் அந்த விளிம்பே ட்யூபை அறுத்திருக்கும். கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைவாகவே அடிக்கச் சொன்னீர்கள்.

கோடியக்கரை வரை தாங்கியது, அண்ணே. பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். அவசரத்தில் உங்கள் பேரைக் கூடக் கேட்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. அடுத்த மாதம் அதே வழியில் வருகிறேன். அந்தத் துண்டு இப்போதும் என் பையில்தான் இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணே.