வெஸ்ட்மின்ஸ்டரின் புதிய எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் 2024 ஜூலைத் தேர்தலில் முதன்முறையாக வென்று வந்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தொகுதிவாசி ஒருவர் உங்கள் முன் அமர்ந்து குறையைச் சொன்னால், உரிய துறைக்கு ஒரு கடிதம் அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். இதே குறை வேறு தொகுதிகளிலும் உண்டா என்று சக எம்.பி.க்களிடம் கேளுங்கள்.

வடகிழக்கு ஹாம்ப்ஷயர் எம்.பி.யாக இருந்த ஜேம்ஸ் ஆர்பத்நாட் அப்படிக் கேட்டவர். அவர் தொகுதியின் சவுத் வார்ன்பரோ கிராமத்தில் கடையும் துணை அஞ்சலகமும் நடத்தியவர் ஜோ ஹாமில்டன். அஞ்சலகக் கணக்குகளுக்கான ஹொரைசன் என்ற கணினி மென்பொருள், இருக்க வேண்டியதைவிடப் பணம் குறைவதாகக் காட்டியது. உதவி எண்ணில் சொன்னபடி செய்தார். குறை கண்ணெதிரே இரட்டிப்பானது. கடைசியில் அவர் 36,000 பவுண்டு திருடியதாக அஞ்சலக நிறுவனம் குற்றம் சாட்டியது. சிறைக்குப் பயந்து, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். இந்தச் சிக்கல் வேறு யாருக்கும் இல்லை என்றே உதவி கேட்ட பலருக்கும் பதில் வந்தது. அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவரை அந்தப் பொய் நின்றது.

ஆர்பத்நாட் 2009இல் அமைச்சருக்கு எழுதினார். அது அஞ்சலகத்தின் நிர்வாக விவகாரம் என்று பதில் வந்தது. அஞ்சலகமோ அரசின் சொந்த நிறுவனம்! அவர் விடவில்லை. மற்ற எம்.பி.க்களைத் திரட்டினார், நாளடைவில் அந்த எண்ணிக்கை 140ஐத் தாண்டியது. அந்த அழுத்தத்தால் 2012இல் செகண்ட் சைட் என்ற தணிக்கையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2014 டிசம்பர் விவாதத்தில், தன் கட்சி ஆட்சியில் இருந்தபோதே அஞ்சலகத்தைக் கடுமையாகச் சாடினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அங்கேதான். அதன்பின் பிரபுக்கள் சபையிலும் தொடர்ந்தார். 2019இல் உயர் நீதிமன்றம் ஹொரைசனின் பிழைகளை உறுதிசெய்தது. ஹொரைசன் கணக்கை வைத்து அஞ்சலகம் நடத்தியவர்களுக்கு விதித்த தண்டனைகளை ரத்துசெய்யும் சட்டம் 2024 மே மாதம் வந்தது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

மூலைக்கடையோடு அஞ்சலகக் கவுண்டரும் நடத்துகிறவர்களில் தெற்காசியர் பலர். விசாரணைக்கு உள்ளானவர்களை இனவாரியாகக் குறியிட்ட அஞ்சலக ஆவணம் ஒன்று 2023இல் வெளியானபோது எங்கள் வீடுகளில் எழுந்த கோபம் இன்னும் தணியவில்லை. எங்கள் பெரியவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறித்தான் உங்களிடம் குறை சொல்வார்கள். அவசரப்படாமல் முழுவதையும் கேளுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன. ஹொரைசனுக்கு முன், 1990களில் சில அஞ்சலகங்களில் கேப்ச்சர் என்ற மென்பொருள் இருந்தது. அதன் கணக்கை வைத்துத் தண்டிக்கப்பட்டவர்களை 2024 சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. முன்பு நார்த் டர்ஹம் எம்.பி.யாக இருந்த பீமிஷ் பிரபு அவர்களுக்காகப் பேசிவருகிறார். மக்களவையில் அவருக்குத் துணை நில்லுங்கள். இன்னொன்று, கணினி சரியாகவே இயங்கியது என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் விதி. கணினிச் சான்றுக்கு முன்பிருந்த பாதுகாப்பை 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதன் விளைவு இது. நிரூபிக்கும் பொறுப்பைக் கணினி வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல் சுமத்தும் திருத்தத்தைக் கேட்டு உங்கள் பெயரில் கேள்வி எழுப்புங்கள்.

இப்படிக்கு,
லண்டன்வாழ் தமிழ் வாக்காளர் ஒருவர்