நரி வால் இல்லை அம்மா, சுவர்

போர்ட்லாண்ட், அமெரிக்கா,
பங்குனி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"மலை ஏறப் போறியே, அங்க என்ன சாமி இருக்கு?" என்று போனில் கேட்டாய். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அதுதான் மண்டையில் ஓடியது. ஒரு சாமியும் இல்லை அம்மா, பூப் பார்க்கத்தான் போகிறோம். சொரிமுத்தையனாரைப் பார்க்கக் காரையாறு போய் வளர்ந்தவனுக்கு, ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சித்திரை விசு கழிந்து வரும் சனிக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறோம். போன வருஷம் லீவு கிடைக்காமல் மே கடைசியில் போய் ஏமாந்தோம். மலை முழுக்கப் புல் காய்ந்து வைக்கோலாகக் கிடந்தது. ஏப்ரல் நடுவில் போனால்தான் பால்சம்ரூட் பூத்திருக்கும். மஞ்சள் பூ, சூரியகாந்திக்குத் தங்கச்சி மாதிரி. கூடவே லூபின், நீலமாக. அது நம் அகத்தி, அவரை வகை. பூவின் மடிப்பைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். விரித்த கைவிரல் போல இலை. மழை விட்டதும் அதன் நடுவில் ஒரே ஒரு துளி உருண்டு திரண்டு நிற்கும். அதைப் பார்க்கவே நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். உன் மருமகள் பத்தடி முன்னால் போய் நின்று கத்துவாள். பறிக்கத்தான் கூடாது. பூக்கூடையோடு நீ வந்தால் சண்டைதான்.

இடத்தின் பெயர் கொயோட்டி வால். கொயோட்டி என்றால் இந்த ஊர் நரி மாதிரி. ஆனால் நரி வால் இல்லை, வால் என்றால் இங்கிலீஷில் சுவர். பெயருக்கேற்ற கறுத்த பாறைச் சுவர். 1 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் பூமி வெடித்து, நெருப்புக் குழம்பு அலை அலையாக ஓடி இறுகிய பசால்ட் கல். கோடையில் நம் குளத்து வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்குமே, அதேபோல இதுவும் ஆறும்போது சுருங்கி வெடித்திருக்கிறது. வெடிப்பு கீழே வரை இறங்கியதால் தூண் தூணாக நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்கள்தான் ஞாபகம் வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒன்றைத் தட்டிக்கூடப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

காற்றைத்தான் சொல்ல வேண்டும். கேஸ்கேட் மலைத்தொடரை கொலம்பியா ஆறு அறுத்துக்கொண்டு போகிற இடைவெளி இது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரல் வருகிறதல்லவா, அதே கணக்கு. மேற்கே வருஷத்துக்குச் சுமார் 75 அங்குலம் மழை. மலை தாண்டிக் கிழக்கே போனால் 15 அங்குலம்கூடத் தேறாது. கொயோட்டி வால் இரண்டுக்கும் நடுவில். அதனால்தான் காட்டுக்குப் பதில் புல்லும் பூவும்.

காரில் ஒன்றரை மணி நேரம். வண்டி போகாமல் மூடிவிட்ட பழைய சாலையில் கொஞ்ச தூரம் நடந்தபிறகு ஏற்றம் தொடங்கும். பாதை பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே போகும், கம்பி கிடையாது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவேன், பயப்படாதே. எதிர்க்கரையில் பனி மூடிய ஹுட் மலை தெரியும்.

வாலை ஆட்டிச் சத்தம் போடும் விரியன் உண்டு. சத்தம் கேட்டால் ஒதுங்கினால் போதும். செந்தட்டி மாதிரி அரிக்கிற செடி ஒன்று, மூன்று மூன்று இலையாக இருக்கும். அதன் எண்ணெய் துணியில் பட்டால் துவைக்கிறவரை ஒட்டியிருக்கும். பெரிய தொல்லை உண்ணிதான். போன வருஷம் என் சாக்ஸுக்குள் ஒன்று! அப்பா மாட்டு மடியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சீமெண்ணெயில் போடுவாரே, அந்த முகபாவத்தோடு நானும் பிடுங்கினேன். அப்பாவிடம் சொல், சிரிப்பார்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தேங்காய்த் துவையலும். நீ கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சல் பாட்டிலின் அடியில்தான் இருக்கிறது. இந்தத் தடவை நாங்களே காய்ச்சப்போகிறோம். வறுத்த எள்ளுப்பொடியைப் புளி கொதிக்கும்போதே போடணுமா, இறக்கினபிறகா? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடு.

அன்பு மகன்