செயலாளரின் ஆண்டறிக்கை: நமது ஓட்டப் பயிற்சிச் சங்கம், இராயபுரம்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஒரு கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. மற்றபடி இந்த அறிக்கை புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றியது. அவர்கள் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்திருந்தேன்.

சென்ற ஆண்டு வரை வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓடிய நேரத்தையும் எழுதி வந்தேன். ஊக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். முந்தியவர் மறுநாள் இன்னும் விரட்டினார். பிந்தியவர் மறுவாரம் வரவேயில்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த கால்பந்துத் தம்பி ஒருவர் முதல் நாளே காசிமேடு வரை பந்தைத் துரத்துவது போலப் பாய்ந்தார். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. மாடிப்படி இறங்க முடியவில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். இதை எடுத்துச் சொல்ல வேண்டிய நான் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நின்றிருந்தேன்.

ஆகவே சித்திரை முதல் நேரம் எழுதுவதை நிறுத்தினோம். வந்தவர் பெயருக்கு எதிரே ஒரு டிக், அவ்வளவுதான். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வாரத்தில் மூன்றே நாள். சென்ற வாரத் தூரத்தோடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. வேகத்தைப் பார்க்கக் குழம்பே போதுமாக இருந்தது: பக்கத்தில் ஓடுபவர் ‘நேற்று வீட்டில் என்ன குழம்பு?’ என்று கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் வர வேண்டும். ‘மீன்’ என்பதோடு மூச்சு நின்றால் வேகம் அதிகம்.

தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா முதல் நாள் ரப்பர் செருப்போடு வந்தார். இரண்டு விளக்குக் கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம் என்று தொடங்கி, சில வாரங்களில் அதைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார். படுக்கப் போகுமுன் ஷூவைத் தெருக்கதவை ஒட்டி வைத்துவிடுவாராம். விடியற்காலையில் கதவைத் திறக்க வேண்டுமானால் அதைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். கையில் எடுத்த பிறகு திரும்ப வைக்க வெட்கமாக இருக்குமாம். கார்த்திகையில் 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்கவில்லை. கடை திறக்க வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

கத்திரி வெயில் நாட்களில் பலருக்குச் சோர்வு. விடியற்காலையானாலும் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. உடல் குளிராததால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். அந்த மாதம் நடையைக் கூட்டினோம், உப்புப் போட்ட நீர்மோர் கொடுத்தோம். எம்.சி. ரோட்டில் வாங்கிய பருத்தி பனியன் வியர்வையில் ஊறித் தோலை உரசியதாகப் புகார் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னோம், கேட்டது. ஐப்பசி மழையில் சங்க அறைக்குள் தோப்புக்கரணமும் குதிகால் உயர்த்தும் பயிற்சியும் நடந்தன. அதற்கும் டிக் உண்டு.

42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்கு இந்த ஆண்டே பெயர் கொடுக்க விரும்பிய மூவரிடம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று குழு சொல்லிவிட்டது. அவர்களுக்கு என் மேல் வருத்தம் என்பது தெரியும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. வண்டிகள் எதிரே தெரியும்படி வலது ஓரமாகவே ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கரைந்த தண்ணீர் செதிலோடு ரோட்டில் வழியும். அங்கே எல்லோரும் நடக்க வேண்டும். நான் விழுந்ததால் சொல்கிறேன்.

நம் பாதையில் இரண்டு விளக்குகள் எரியவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். எரியாத கம்பத்தையும் கணக்கில் சேர்க்கலாமா என்று புதியவர் ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்