மெமோ கொடுப்பதற்கு முன்னால்

கயல்,

உன் ஷாப்பில் பாகங்கள் தப்பாக வந்து கழிவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி அவருக்கு மெமோவும் கொடுத்துவிட்டாய், சரி, ரிப்போர்ட் முடிந்தது. பிரச்சினை முடிந்ததா?

நான் இருந்த ஒரு மெஷின் ஷாப்பில் பம்ப் ஹவுசிங்கில், அதாவது பம்பின் வெளிக்கூட்டில், துளை சென்டர் விலகி வந்துகொண்டே இருந்தது, மெமோவும் போய்க்கொண்டே இருந்தது. புதிதாக வந்த டிப்ளமோ பையன் ஒருவன் இரண்டாம் ஷிப்ட் முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்தான். சிப்பை, அதாவது உலோகச் சீவலை, ஊதித் தள்ளும் ஏர் கன்னின் ஹோஸ், ஹவுசிங்கைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸரில் பின்பக்கத்து முளை வரைக்கும் எட்டவில்லை. ஆபரேட்டர் விரலை விட்டுத் துடைக்கிறார், ஒரு துளி சிப் அங்கேயே தங்கிவிடுகிறது, அதன் மேல் ஹவுசிங் உட்கார்ந்தால் துளை எப்படி நேராக வரும்? ஹோஸை நீளமாக மாற்றினார்கள், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, ஆபரேட்டருக்கு இது முன்னாலேயே தெரியும். சொன்னால் "முதலில் டார்கெட்டைப் பார்" என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. தரமும் மோசம், ஆட்களும் ஒழுங்காக வேலைக்கு வரமாட்டார்கள் என்று பெயர், 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தபோது பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் எடுத்தார்கள், யூனியனும் அதேதான். சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். லைனில் யாருக்குத் தப்பு கண்ணில் பட்டாலும் ஒரு கயிற்றை இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வருவார், கார் குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். ஓரிரு வருடத்தில் ஜப்பான் ஆலைக்குக் கிட்டத்தட்டச் சமமான தரத்தில் கார் வந்தது. கயிறு என்ன பெரிய விலையா? இழுத்ததும் ஓடி வருகிறவர் "என்ன ஆச்சு" என்று கேட்கிறாரா, "யார் இழுத்தது" என்று கேட்கிறாரா, அதைப் பொறுத்துத்தான் அடுத்த தடவை கை மேலே போகும்.

மெஷின் பக்கத்தில் நின்றால் புரொடக்‌ஷன் கெடும் என்று உன் மேனேஜர் சொல்லத்தான் செய்வார். தப்பான பாகத்தைத் திரும்பச் சரிசெய்யும் ரீவொர்க்குக்குப் போகும் நேரத்தை அவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்று கேட்டுப் பார், மெதுவாகக் கேள்.

இந்த வாரம் ஒரு நாள் நைட் ஷிப்ட்டுக்குப் போ. லேப்டாப், நோட்டு எதுவும் வேண்டாம், பார்த்தாலே அடுத்த மெமோ என்று நினைப்பார்கள். ஆபரேட்டர்கள் வயதில் மூத்தவர்கள், அண்ணா என்றே கூப்பிடு. கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்றும் எச்.ஆரில் விசாரி.

அப்பா