உணவை மாற்றாமல் செய்தால்தான் அது சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாட்டுக்கு மருந்து வந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்த மருந்து யாருக்குப் பலன் தரும், யாருக்குத் தராது என்பதைக் கண்டறியும் சோதனையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுவது என் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் இருப்பதில்லை. இக்குறைபாட்டோடு பிறந்த ஒரு பெண்ணின் தாய் நான். அந்தச் சோதனையை ஒருமுறை தவறாகவும் மறுமுறை சரியாகவும் கடந்து வந்த குடும்பம் எங்களுடையது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைத் தங்கள் வாசகர்களுக்கு, குறிப்பாக இதே பாதையில் இப்போது அடியெடுத்து வைக்கும் பெற்றோருக்கு, எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் உண்ணும் புரதத்தில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசினாக மாற்றுகிறது. அந்த நொதியை உருவாக்கும் மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு பிரதிகளிலும் பழுதுபட்டிருந்தால், பினைல்அலனின் மாறாமல் ரத்தத்தில் தேங்கி, மூளைக்குள் செல்லும் வழியில் மற்ற அமினோ அமிலங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வளரும் மூளையைப் பாதிக்கிறது. 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இதைக் கண்டறிந்தார். 1950களின் தொடக்கத்தில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் பினைல்அலனின் குறைந்த உணவால் இதைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினர். 1960களில் ராபர்ட் கத்ரியின் முயற்சியால், பச்சிளம் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கும் வழி பிறந்தது. என் மகள் இன்று பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்கு இணையாகப் படிக்கிறாள் என்றால் அதற்கு அந்தச் சில துளிகளே காரணம்.

ஆனால் அந்த உணவுமுறை எளிதானதன்று. இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு எதுவும் கூடாது. காய்கறியையும் கிழங்கையும்கூட எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும். உடலுக்குத் தேவையான மீதிப் புரதத்தைப் பினைல்அலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவையாக நாளுக்குப் பலமுறை குடிக்க வேண்டும். என் மகளுக்கு அனுமதிக்கப்பட்ட இயற்கைப் புரதம் நாளொன்றுக்கு 7 கிராம். அதனால், ஒரு மாத்திரையால் அந்த 7 கிராம் 14 ஆகவோ 20 ஆகவோ கூடும் என்று ஒருவர் சொன்னால், அது ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த மாத்திரையின் பெயர் சாப்ரோப்டெரின். மேற்சொன்ன நொதி வேலை செய்ய டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் தேவை. அதன் செயற்கை வடிவமே இம்மருந்து. மரபணுப் பழுது நொதியை முற்றிலும் இல்லாமல் ஆக்காமல், உருக்குலைந்த நிலையிலாவது விட்டுவைத்திருந்தால், இந்தத் துணைப்பொருளைக் கூடுதலாகக் கொடுக்கும்போது அந்த நொதி சற்று நிலைப்பட்டுச் செயல்படத் தொடங்கும். ஜப்பானிய மருத்துவர்கள் சில நோயாளிகளிடம் இவ்விளைவைக் கண்டு 1999இல் எழுதினார்கள். 2007இல் அமெரிக்காவிலும் மறு ஆண்டு ஐரோப்பாவிலும் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நொதி அடியோடு இல்லாதவர்களுக்கு இது பயன் தராது. பலன் பெறுவோர் ஒரு பகுதியினர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் இலேசான வகைக் குறைபாடு உள்ளவர்கள். நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பகுதியில் இருக்கிறதா என்பதைச் சோதனை செய்துதான் அறிய முடியும்.

சோதனையின் அமைப்பு எளிது. மருந்துக்கு முன் ரத்தத்தில் பினைல்அலனின் அளவு பார்க்கப்படுகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வழக்கமாக 20 மில்லிகிராம் வீதம் மருந்து தரப்படுகிறது. பிறகு மீண்டும் மீண்டும் அளவு பார்க்கப்படுகிறது. சில மையங்கள் இதை 24 அல்லது 48 மணி நேரத்தில் முடிக்கின்றன, சில மையங்கள் நான்கு வாரம் வரை நீட்டிக்கின்றன. அளவு 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்துக்குப் பலன் உண்டு என்று கொள்வது பொதுவான வழக்கம். எங்கள் வீட்டில் எல்லாம் குழம்பியது இந்த எண்ணை நம்பியதால்தான்.

என் மகளுக்கு 9 வயதாக இருந்தபோது, ஒரு மருத்துவமனையில் நான்கு வாரச் சோதனை தொடங்கினார்கள். தொடக்க அளவாக ஒரே ஒரு ரத்த மாதிரி எடுத்தார்கள். லிட்டருக்கு 480 மைக்ரோமோல் என்று வந்தது. நான்காம் வார முடிவில் 310. ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்ததால், மருந்து வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். அன்று இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. உணவில் புரதத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். இரண்டே மாதத்தில் அளவு 700ஐத் தாண்டியது, பள்ளியில் அவளுடைய கவனம் சிதறுவதாக ஆசிரியை சொன்னார், மருந்து நிறுத்தப்பட்டது.

என்ன நடந்தது என்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன். அந்த நான்கு வாரமும் நான் தராசின் முன் வழக்கத்தைவிடக் கண்டிப்பாக நின்றிருந்தேன். ஏழு கிராம் என்பது பல நாள் ஆறாகவும் ஐந்தரையாகவும் ஆகிவிட்டிருந்தது. எண் குறைய வேண்டும் என்ற தவிப்பு என் கையை இழுத்திருக்கிறது. அதைவிட என்னை வருத்தியது, நீண்ட நாள் கழித்து என் மகள் சொன்னதுதான். சோதனை நடந்த நாட்களில் பள்ளியில் தன் உணவுப் பெட்டியில் பாதியைச் சாப்பிடாமல் விட்டுவிட்டாள். மருந்து தோற்றுவிட்டால் அம்மா அழுவாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. குறைந்த அந்த 170 மைக்ரோமோலில் பெரும்பகுதி எங்கள் இருவரின் ஆசையால் குறைந்தது என்றே இன்று நம்புகிறேன். அந்த மருத்துவமனையில் எவரும் எங்களிடம் உணவுக் குறிப்பேட்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே விஷயம் வெளிப்பட்டிருக்கும்.

அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவக் குழுவிடம் மறுசோதனை நடந்தது. அங்கிருந்த உணவியல் வல்லுநர் முதல் சந்திப்பிலேயே என் மகளிடம் நேரடியாகப் பேசினார்: உன் வேலை வழக்கம்போலச் சாப்பிடுவது மட்டும்தான், எண் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு நீ பொறுப்பில்லை என்றார். அவள் தோள்கள் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே உணவு முழுவதையும் எழுதச் சொன்னார்கள். ஒரே நேரத்தில், காலை உணவுக்கு முன், பல நாள் ரத்தத்துளி எடுத்துச் சராசரி கண்டார்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் சோதனையை நிறுத்திப் பிறகு தொடங்குவதாகச் சொன்னார்கள். ஏனெனில் உடல் நலமில்லாதபோது தன் தசைப் புரதத்தையே உடைத்துக்கொள்வதால் பினைல்அலனின் தானாகவே உயரும், குணமானதும் தானாகவே இறங்கும், அந்த இறக்கம் மருந்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். தொடக்கச் சராசரி 500, இறுதியில் 460. எட்டு விழுக்காடு. உங்கள் மகளுக்கு இம்மருந்தால் பயனில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்தப் பதில் எங்களை வருத்தியது. ஆனாலும் முன்பு கிடைத்த பொய்யான நல்ல செய்தியைவிட அது எங்களுக்கு ஆயிரம் மடங்கு உதவியது. பயன் தராத விலையுயர்ந்த மருந்தை அவள் ஆண்டுக்கணக்கில் விழுங்கவில்லை, அதை நம்பி உணவைத் தளர்த்தவும் இல்லை.

தவறு எதிர்த் திசையிலும் நிகழும். கட்டுப்பாடு மிக நன்றாக உள்ள குழந்தையின் தொடக்க அளவு 150 என்று வைத்துக்கொள்வோம். முப்பது விழுக்காடு குறைந்தால் 105. அந்த 45 மைக்ரோமோல் வேறுபாடு எந்த மருந்தும் இல்லாமலே ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இடையே ஏற்படக்கூடியது. மேலும், ஆரோக்கியமானவர்களின் அளவுக்கு அருகில் இருக்கும் ஒன்று அதற்குமேல் எங்கே இறங்கும்? இத்தகைய பிள்ளைகளிடம் ரத்த அளவு இறங்குகிறதா என்று பார்ப்பதைவிட, மருந்தோடு சேர்த்துப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அளவு இலக்குக்குள் நிற்கிறதா என்று பார்ப்பதே பொருத்தம். நன்றாகப் பத்தியம் காத்ததற்காகவே ஒரு குழந்தை மருந்தை இழந்துவிடக் கூடாது.

ஆகவே 30 விழுக்காடு என்பதைக் கதவைத் திறக்கும் எண்ணாக மட்டுமே கொள்ள வேண்டும். 2017இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாக்கியுள்ளன. முதல் சோதனையில் தேறியவரையும் தொடர்ந்து கவனித்து, அளவு இலக்குக்குள் இருக்க, உண்ணக்கூடிய இயற்கைப் புரதம் இருமடங்காவது ஆனால், அல்லது புரதத்தைக் குறைக்காமலே ரத்த அளவுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இலக்குக்குள் அமைந்தால்தான் உண்மையான பலன் என்று அவை வரையறுக்கின்றன. எங்களுக்கு முதல் முறை இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவே இல்லை. மரபணு அறிக்கையையும் முதலிலேயே கேட்டுப் பெறுவது நல்லது: இரண்டு பிரதிகளிலும் நொதியே உருவாகாத வகைப் பழுது இருந்தால் சோதனையே தேவையில்லை, ஒரு பிரதியிலாவது மிச்சச் செயல்பாடு இருக்கக்கூடும் என்றால் அவசியம் செய்ய வேண்டும்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. செபியாப்டெரின் என்ற புதிய மருந்துக்கு 2025இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. உடலுக்குள் சென்றபின் அதே துணைப்பொருளாக மாறும் இம்மருந்து, பழைய மருந்துக்கு அசையாத சிலரிடமும் பலன் தரக்கூடும் என்பதால், முன்பு பயனில்லை என்று சொல்லப்பட்ட பல குடும்பங்கள் மீண்டும் சோதனைக்குச் செல்லும். அவர்கள் மருத்துவரிடம் சில கேள்விகளையாவது கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்: தொடக்க அளவை எத்தனை மாதிரிகளைக் கொண்டு கணக்கிடுவீர்கள்? உணவுக் குறிப்பேட்டை யார் படிப்பார்? நடுவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? எண் குறைந்த பிறகு எவ்வளவு காலம் தொடர்ந்து பார்ப்பீர்கள்? தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் இத்துறை வல்லுநர் ஒருவரை இதைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

என் மகளுக்கு இப்போது 13 வயது. புதிய மருந்துக்கான சோதனைக்கு நாங்களும் பெயர் கொடுத்திருக்கிறோம். இம்முறை குறிப்பேட்டைத் தானே எழுதுவதாகச் சொல்லித் தொடங்கியும் விட்டாள். நேற்றிரவு தட்டில் மீதம் வைத்த 11 கிராம் உருளைக்கிழங்கும் அதில் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்